மணியும் கயிறும்

திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மனுநீதிச் சோழன் கதையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடப் புத்தகத்தில் வருவதற்கு முன்பே அது கல்தேராக வந்து கண்முன் நிற்கும். எனக்கு அந்தக் கல்தேரைக் காட்டியவள் என் பெரியம்மா. அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். சக்கரத்தின் அடியில் கிடந்த கன்றைத் தொட்டுப் பார்த்தபடியே கதை கேட்டேன். அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி. அதை வந்து இழுத்த பசு. தன் மகனையே தேர்க்காலில் இட்ட அரசன். குழந்தைகளுக்கு இருக்கிற நியாயமான சந்தேகம் எனக்கும் வந்தது.

"அந்த மணி இப்ப எங்க பெரியம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

பெரியம்மா சிரிக்கவில்லை. "மணி எல்லாம் இருக்குடா. ஒரு தடவை கயித்தத்தான் அறுத்துட்டாங்க" என்றாள்.

அந்தப் பதிலின் பொருள் எனக்கு விளங்கப் பல வருஷங்கள் ஆயின. விளங்கியபோது அதற்குள் ஒரு வழக்கு இருந்தது. ஐந்து நீதிபதிகள் இருந்தார்கள். மனித மனச்சாட்சியைப் பற்றிய ஒரு பெரிய கேள்வியும் இருந்தது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே வாசகர்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

என் பெரியப்பா பெரிய தலைவரல்லர். ஊரில் கட்சிக் கொடியேற்றுவார்; கூட்டம் நடந்தால் நாற்காலி எடுத்துப் போடுவார்; சுவரொட்டி ஒட்டப் பசை காய்ச்சுவார். 1976 ஜனவரி 31-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. அதற்கு அடுத்த சில நாட்களில் ஓர் இரவு, சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். 'மிசா' என்ற சொல்லைப் பெரியம்மா முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். என்ன குற்றம் என்று கேட்டாள். குற்றம் செய்தவரைப் பிடிக்கிற சட்டம் வேறு, இது குற்றம் செய்துவிடாமல் இருப்பதற்காகப் பிடிக்கிற சட்டம் என்று போலீஸ்காரர் ஒருவர் பொறுமையாக விளக்கினாராம்.

பெரியம்மா காதிலிருந்த தோட்டை அடகு வைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊரிலிருந்த வக்கீலிடம் போனாள். நல்ல மனிதர் அவர். ஆட்கொணர்வு மனு என்று ஒன்று உண்டு, பிடித்து வைத்திருப்பவனை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தி, 'எந்தச் சட்டப்படி பிடித்தாய்?' என்று கேட்கிற மனு அது என்றும், மற்ற மாநிலங்களில் பல உயர்நீதிமன்றங்கள் இன்னும் அதைக் கேட்கின்றன என்றும் தைரியம் சொன்னார். காகிதங்கள் தயாராயின. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் அவரே வீடு தேடி வந்து காகிதங்களையும் பணத்தையும் திண்ணையில் வைத்தார். "இனிமேல் மனுப் போட வழியில்லையம்மா. தில்லியிலே கதவைச் சாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம்.

அந்தக் கதவு எது, யார் சாத்தினார்கள், ஏன் சாத்தினார்கள் என்பதுதான் விஷயம்.

நான் சட்டம் படித்தவனல்லன். இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போடு நின்றுவிட்டவன். கதை எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். எழுதப்பட்ட வாக்கியம் ஒன்று. அதை வாசிக்கிறவன் எடுத்துக்கொள்ளும் பொருள் இன்னொன்று. அரசியல் சாசனமும் எழுதப்பட்ட ஒரு நூல்தான். அதை வாசித்து, இதுதான் பொருள் என்று கடைசியாகச் சொல்லும் உரிமை பெற்ற வாசகன் உச்ச நீதிமன்றம். நம்முடைய சுதந்திரம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பது அந்த வாசகனின் கண்ணையும் மனத்தையும் பொறுத்தது.

நம் சாசனத்தில் 32-ஆவது பிரிவு இருக்கிறது. அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் எந்தக் குடிமகனும் நேரே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்பது அதன் சாரம். 1948 டிசம்பர் 9-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், சாசனத்தின் உயிரும் இதயமும் இந்தப் பிரிவுதான் என்ற கருத்தில் பேசினார். என் பெரியம்மாவின் பாஷையில் சொன்னால், ஆராய்ச்சி மணி.

சாசனம் அமலுக்கு வந்த நாலே மாதத்தில் அந்த மணியை இழுத்தவர்களில் ஒருவர், கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன். அப்போதைய சென்னை மாகாணச் சிறையில் விசாரணையின்றி வைக்கப்பட்டிருந்தார். 21-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? சட்டம் வகுத்த நடைமுறைப்படியல்லாமல் ஒருவனுடைய உயிரையோ உடற்சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. 'சட்டம் வகுத்த நடைமுறை' என்றால் அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டாமா என்பது கோபாலன் தரப்பு வாதம். 1950 மே 19-இல் தீர்ப்பு வந்தது. சட்டசபை இயற்றியது சட்டம். அதில் சொன்னது நடைமுறை. அது நியாயமா என்று பார்ப்பது எங்கள் வேலையல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். காவலில் வைத்ததற்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்று தடுத்த ஒரு பிரிவை மட்டும் ரத்துச் செய்தார்கள். கோபாலன் சிறையிலேயே இருந்தார். நடைமுறை என்றால் அதில் நியாயமும் அடங்கும் என்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி பஸல் அலி.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு வாரம் கழித்து, அதே மாதம் 26-ஆம் தேதி, அதே நீதிமன்றம் சென்னை அரசைத் தலைகுனிய வைத்தது. பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திவந்த 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று போட்டிருந்த தடை செல்லாது என்று சொல்லிற்று. பேச்சுரிமை விஷயத்தில் அத்தனை விழிப்பாக இருந்த நீதிமன்றம் உடலின் உரிமை விஷயத்தில் அத்தனை விழிப்பாக இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. புதிதாகத் திறந்த வீட்டில் எந்த ஜன்னல் திறக்கும், எந்த ஜன்னல் இறுகிக் கிடக்கும் என்று தெரியப் போய்க் கை வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இனி 1976-க்கு வருவோம்.

1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. இரண்டு நாள் கழித்து, 14, 21, 22-ஆம் பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக யாரும் நீதிமன்றம் போகக் கூடாது என்று குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. அப்படியும் ஒன்பது உயர்நீதிமன்றங்கள், 'உரிமை கேட்டு வரக் கூடாது என்பது சரி. ஆனால் பிடித்தவன் சட்டப்படிதான் பிடித்தானா என்று பார்ப்பதை எந்த ஆணையும் தடுக்காது' என்று மனுக்களை ஏற்றன. அவற்றின் மேல் அரசு செய்த முறையீடுதான் ஜபல்பூர் வழக்கு. கேட்டவர்கள் ஐந்து பேர்: தலைமை நீதிபதி ஏ. என். ரே, எச். ஆர். கன்னா, எம். எச். பேக், ஒய். வி. சந்திரசூட், பி. என். பகவதி.

வாதம் நடந்தபோது கன்னா அரசுத் தரப்பில் நின்ற அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். 21-ஆவது பிரிவில் சுதந்திரம் மட்டுமல்ல, உயிரும் இருக்கிறதே. ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையினால் ஒருவனைக் கொன்றுவிட்டால், அதற்கும் பரிகாரம் கிடையாதா? என் வாதத்தின்படி, நெருக்கடி நீடிக்கும் வரை கிடையாது என்பதே பதில். அந்தப் பதிலைச் சொல்ல அவருக்கே கூசியிருக்கிறது. ஆனாலும் சொன்னார். மன்றத்தில் இருந்த மற்ற நீதிபதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1976 ஏப்ரல் 28-இல் நாலுக்கு ஒன்று என்று தீர்ப்பு. கைது தீய நோக்கத்தோடு செய்யப்பட்டதாக இருந்தாலும் சரி, சட்டத்துக்கே புறம்பானதாக இருந்தாலும் சரி, கேட்க யாருக்கும் உரிமையில்லை என்றார்கள் நால்வரும். சிறையிலிருப்பவர்களை அரசு கிட்டத்தட்டத் தாயின் பரிவோடு கவனித்துக்கொள்கிறது என்று பேக் தம் தீர்ப்பில் எழுதினார். அந்த வரி எழுதப்படுவதற்கு மூன்று மாதங்கள் முன்னால்தான், பிப்ரவரியில், சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். பின்னால் அதை விசாரித்தது நீதிபதி மு. மு. இஸ்மாயில் குழு. கம்பனைப் பற்றிப் பேசி நம்மையெல்லாம் மயங்க வைத்த அதே இஸ்மாயில்தான். தில்லியில் எழுதப்பட்ட 'தாய்'க்கும், சென்னைச் சிறையில் விழுந்த தடிக்கும் நடுவில் ஒரு மனு போகிற அளவுக்காவது வழியிருந்திருந்தால் அந்த வரியை எழுதக் கை வந்திருக்காது. மணி கட்டுவது பசுவுக்காக மட்டுமல்ல. வெளியில் என்ன நடக்கிறது என்று அரசனுக்குத் தெரிய வேறு வழி கிடையாது.

கன்னா ஒருவர் மட்டும் மாறி நின்றார். அவர் சொன்னதன் சாரத்தை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன். உயிரும் சுதந்திரமும் சாசனம் நமக்குக் கொடுத்த வெகுமதி அல்ல. சாசனம் எழுதுவதற்கு முன்பும் அவை இருந்தன. ஆகவே சாசனத்தின் ஒரு பிரிவை மூடி வைத்துவிட்டதால், சட்டத்தின் ஆதாரமில்லாமல் ஒருவனைப் பிடித்து வைக்கும் அதிகாரம் அரசுக்கு வந்துவிடாது. அப்படி வந்துவிடும் என்றால் சட்டத்தின் ஆட்சிக்கும் சட்டமில்லாத ஆட்சிக்கும் வித்தியாசமே இல்லை.

இதை எழுதினால் என்ன நேரும் என்று அவருக்குத் தெரியும். மூன்று வருஷங்களுக்கு முன், 1973 ஏப்ரலில், கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், சாசனத்தின் அடிப்படை அமைப்பைப் பாராளுமன்றமும் மாற்ற முடியாது என்றார்கள். உடனே, அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவர்களில் மூத்தவர் மூவரைத் தாண்டித் தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதைப் பார்த்தவர் கன்னா. தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே தம் சகோதரியிடம், இது என் தலைமை நீதிபதிப் பதவியைப் பறித்துவிடும் என்று சொன்னதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்படியேதான் நடந்தது. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டிப் பேக் தலைமை நீதிபதியானார். கன்னா ராஜிநாமாச் செய்தார்.

இதை ஒருநாள் நான் கொஞ்சம் ஆவேசமாகவே சொல்லிக்கொண்டிருந்தபோது, மாவட்ட நீதிமன்றத்தில் பணி முடித்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். என்னைவிட முப்பது வயது மூத்தவர்.

"தம்பி, நீங்க கதாசிரியர். உங்களுக்கு ஒரு கதாநாயகன் வேணும், நாலு வில்லன் வேணும். அந்த நாலு பேரும் லஞ்சம் வாங்கினவங்க இல்லை. எழுதியிருக்கிற ஆணையை எழுதியிருக்கிறபடி படிச்சாங்க. நீதிபதி தன்னோட மனச்சாட்சியைச் சட்டமாக்க ஆரம்பிச்சா, அஞ்சு நீதிபதிக்கு அஞ்சு சட்டமாயிடும். அப்புறம் ஜனங்க ஓட்டுப் போட்டு என்னத்துக்கு?"

இதைத் தட்டிவிட முடியாது. தமிழ்நாட்டுக்காரனால் நிச்சயமாக முடியாது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம் சென்னை அரசின் வகுப்புவாரி உத்தரவைச் செல்லாதென்று சொல்லிற்று. சமத்துவம் என்ற சொல்லை அகராதியில் இருக்கிறபடி படித்தது. பல தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டவனும் உள்ளே உட்கார்ந்திருந்தவனும் சமம் என்று சொல்லும் சமத்துவம் அது. பெரியாரின் தலைமையில் தமிழ்நாடே கொதித்தது. அந்த ஆண்டே பாராளுமன்றம் முதல் திருத்தம் கொண்டுவந்து, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று எழுதியது. அன்று நியாயம் நீதிமன்றத்தின் உள்ளே இருக்கவில்லை, தெருவில் இருந்தது. ஆகவே நீதிபதிகள் எப்போதும் சுதந்திரத்தின் காவல் தெய்வங்கள் என்று கும்பிடுவதும் மூடநம்பிக்கைதான். மணியைப் பசுவும் இழுக்கலாம். பசுவைக் கட்டி வைத்திருப்பவனும் இழுக்கலாம்.

அப்படியானால் கன்னா செய்தது எந்த வகை? நீதிபதி தம் சொந்த விருப்பத்தைச் சட்டத்தின் மேல் ஏற்றிவிட்டாரா?

இதை வெகுநாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. சிறையிலிருப்பவர்களையெல்லாம் விடுதலை செய் என்று கன்னா சொல்லவில்லை. அவர்கள் நிரபராதிகள் என்று சொல்லவில்லை. நெருக்கடி நிலை தவறு என்றுகூட அந்தத் தீர்ப்பில் சொல்லவில்லை. 'மனுவைக் கேட்போம்' என்றார். அவ்வளவுதான். எந்தச் சட்டத்தைச் சொல்லிப் பிடித்தார்களோ அந்தச் சட்டப்படியாவது பிடித்தார்களா என்று பார்ப்போம் என்றார். நீதி வழங்குவதில் எத்தனையோ படிகள் உண்டு. மேல்படிகளில் அறிவாளிகள் கருத்து வேறுபடலாம், மனச்சாட்சிகள் மோதலாம். முதல் படி காது கொடுப்பது. அதற்குக் கீழே படியே கிடையாது. என் நண்பர் பயப்படுகிறபடி அஞ்சு நீதிபதிக்கு அஞ்சு சட்டம் வருவது மேல்படிகளில்தான். 'கேட்க மாட்டேன்' என்று சொல்கிறவன் சட்டத்தை ஒருவிதமாகப் படிக்கிறவன் அல்லன். நீதிபதி வேலையையே விட்டுவிட்டவன்.

இப்படி எழுதுவது சுலபம். இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர் கேட்டால் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் குடியிருந்த இடத்தில் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருந்தது. நிர்வாகக் குழுவில் நாங்கள் ஏழு பேர். ஒருநாள் தண்ணீர் மோட்டார் காணாமல் போய்விட்டது. இரவுக் காவலுக்கு இருந்த பெரியவர் மேல் சந்தேகம். கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. 'அவனைத் தவிர வேறு யார்?' என்றார் ஒருவர். 'போலீஸுக்குப் போகாமல் வேலையை விட்டு மட்டும் நிறுத்துகிறோமே, அதுவே பெரிய மனசு' என்றார் இன்னொருவர். அந்தப் பெரியவர் அந்த நேரத்தில் கீழே வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே அவருடைய தலைத்துண்டு எனக்குத் தெரிந்தது. 'அவரை ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்போமே' என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரில் ஆறு முகங்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கும் மாடிப்படியில் இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

அவர் திருடினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நிரபராதி என்று பின்னால் தெரிந்திருந்தால் இந்தக் கதை இன்னும் உருக்கமாக இருக்கும். சிறுகதையாக எழுதினால் அப்படித்தான் முடிப்பேன். ஆனால் எனக்குத் தெரியாது என்பதுதான் என் குற்றம். தெரிந்துகொள்வது என் கடமையாக இருந்தது. தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது. பிறகு அவரைத் தேடிப் போனேன். அவர் இருந்ததாகச் சொன்ன இடத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

எனக்குப் பறிபோகத் தலைமை நீதிபதிப் பதவி எதுவும் இல்லை. போயிருந்தால் மாடிப்படியில் ஆறு புன்னகைகள் போயிருக்கும். அதற்கே நான் அஞ்சினேன். அந்த நால்வரை வில்லன்கள் என்று சொல்லும் துணிவு அன்றிலிருந்து எனக்கு இல்லை. அவர்கள் என்னைப் போன்றவர்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

பயம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1941-இல், குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனில், காரணம் காட்டாமல் ஒருவரைக் காவலில் வைத்ததைப் பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டது. ஆட்கின் பிரபு ஒருவர்தான் மாறுபட்டார். 1944-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜப்பானிய வம்சத்தினர் என்பதற்காகவே சொந்தக் குடிமக்களை வீட்டைவிட்டு வெளியேற்றிய ஆணையை ஆறுக்கு மூன்று என்று ஆமோதித்தது. இன்று அந்த நாடுகளில் அந்தத் தீர்ப்புகளை யாரும் பெருமையோடு சொல்வதில்லை. சமாதான காலத்தில் சுதந்திரத்தைப் பற்றி அழகாக எழுதுகிற நீதிபதிகள் எல்லா நாட்டிலும் உண்டு. வெளியே சத்தம் கேட்கும்போது பேனா என்ன செய்கிறது என்பதுதான் பரீட்சை.

இனி கதையின் மீதிப் பாகம். நான் நாவலில் இப்படி எழுதினால், 'ஆசிரியர் செயற்கையாக முடிச்சுப் போட்டிருக்கிறார்' என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள்.

1977 மார்ச்சில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நெருக்கடி நிலை போயிற்று. பூட்டைத் திறந்தது தீர்ப்பு அல்ல, வாக்குச் சீட்டு என்பதை மறந்துவிடக் கூடாது. மறு வருஷம் பாராளுமன்றம் நாற்பத்து நாலாவது திருத்தத்தை நிறைவேற்றி, இனி எந்த நெருக்கடியிலும் 20, 21-ஆம் பிரிவுகளுக்காக நீதிமன்றம் போவதைத் தடுக்க முடியாது என்று எழுதியது. 1978 ஜனவரியில், பாஸ்போர்ட் பறிக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், உச்ச நீதிமன்றமே 1950-ஆம் ஆண்டுக் கோபாலன் தீர்ப்பின் வழியை விட்டு விலகியது. நடைமுறை என்றால் அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்றது. 21-ஆவது பிரிவில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. வாசகன் மாறிவிட்டான்.

அதில் முக்கியமான தீர்ப்பை எழுதியவர் யார்? ஜபல்பூர் வழக்கில் நால்வரில் ஒருவராயிருந்த பகவதி! அவரே 1979-இல் பீகார்ச் சிறைகளில், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களின் வழக்கைக் கேட்டு விடுதலைக்கு வழிசெய்தார். அதே காலத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் சிறைக்கைதி ஒருவர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்றார். மணிக்கயிறு ஒரு தபால் கார்டு நீளத்துக்கு நீண்டு, நாட்டின் கடைசிச் சந்து வரை வந்தது. 2011-இல், தொண்ணூறு வயதை நெருங்கிய நிலையில், 1976-இல் தாம் செய்தது தவறு என்று பகவதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு மனிதனின் மொத்த நீதி வாழ்க்கையையும் ஒரே ஒரு தவற்றின் பிராயச்சித்தமாகப் படிக்கக் கூடாதுதான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு அப்படிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து 2017 ஆகஸ்ட் 24. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையா என்ற வழக்கு. ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக ஆம் என்றார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில், ஜபல்பூர்த் தீர்ப்பு பெரும் பிழை, அது இனிச் செல்லாது, கன்னா சொன்னதே சரி என்று எழுதியவர் நீதிபதி டி. ஒய். சந்திரசூட். நால்வரில் ஒருவரான ஒய். வி. சந்திரசூட்டின் மகன்.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்க் கல்தேர் ஞாபகம் வந்தது. அங்கே தகப்பன் மகன் மேல் தேரை ஓட்டினான். இங்கே மகன் தகப்பனின் தீர்ப்பின் மேல் ஓட்டினார். ரத்தம் சிந்தவில்லை, மரியாதைக் குறைவான ஒரு சொல்லும் இல்லை. உறவுக்கு மேலே நியாயம் இருக்கிறது என்பது மட்டும் நின்றது. 2024 நவம்பரில் அந்த மகன் தலைமை நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் அடுத்து அமர்ந்தவர் சஞ்சீவ் கன்னா. 1977-இல் அந்த நாற்காலி மறுக்கப்பட்ட எச். ஆர். கன்னாவின் தம்பி முறை உறவல்ல, சொந்தச் சகோதரர் மகன்.

கதை இங்கே முடிந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஆனால் பெரியம்மா விடமாட்டாள்.

பெரியப்பா 1977 தொடக்கத்தில் திருச்சிச் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஏறத்தாழ ஒரு வருஷம். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. கதவு படாரென்று சாத்தினால் மட்டும் திடுக்கிட்டு எழுந்து நிற்பார். 2017-க்கு முன்பே இருவரும் காலமாகிவிட்டார்கள். நாற்பத்தோரு வருஷம் கழித்து, 'உங்களைக் கேட்காமல் விட்டது தவறு' என்று சொன்ன தீர்ப்பை நான் யாரிடம் போய் வாசித்துக் காட்டுவது? மாறுபட்ட தீர்ப்பு வருங்காலத்துக்கு எழுதும் கடிதம் என்பார்கள். உண்மைதான். ஆனால் சிறைக்குள் இருப்பவனுக்கு நிகழ்காலம் மட்டுமே உண்டு.

ஆகவே நீதிமன்றங்கள் காலப்போக்கில் தங்களைத் திருத்திக்கொள்ளும் என்ற ஆறுதலை நான் முழுமனத்தோடு ஏற்க முடியாதவனாக இருக்கிறேன். திருத்திக்கொள்கின்றன, அது பெரிய விஷயம். அதற்குள் ஒரு தலைமுறை போய்விடுகிறது; அது சின்ன விஷயமல்ல. தடுப்புக் காவலும் பழங்கதை ஆகிவிடவில்லை. தமிழ்நாட்டில் 1982-ஆம் வருஷச் சட்டப்படி ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை வைத்திருக்கலாம். குண்டர் சட்டம் என்று பத்திரிகையில் ஒரு பத்திச் செய்தியாக வருகிறது. நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அதில் வரும் பெயர் நமக்குத் தெரியாத பெயர். 1976-இல் என் பெரியப்பாவின் பெயரும் யாருக்கும் தெரியாத பெயர்தான். அப்படிப்பட்ட பெயர்களுக்காக நாம் என்றும் காது கொடுத்துப் பழகாவிட்டால், நம்மிடையிலிருந்து போய் நாற்காலியில் அமர்கிற நீதிபதிக்கு மட்டும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

சென்ற மாதம் இப்போது நான் இருக்கும் குடியிருப்பில் ஒரு கூட்டம். படிக்கட்டுப் பெருக்கும் அம்மாளைப் பற்றி ஒரு புகார். நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். "முதலில் அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள்" என்றேன். காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது தடங்கல் செய்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். கூப்பிட்டார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

அவள் சொன்னது சரியா தப்பா என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத விஷயம். சொல்லி முடிக்க நாலு நிமிஷம்தான் ஆயிற்று.